எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் 50 அடி நேரோபோட் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மே கடைசி வாரம் பள்ளி விடுமுறையில் கணவர், 11 வயது மகள், 7 வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எல்லோருமாக கிராண்ட் யூனியன் கால்வாயில் வடக்கே கிளம்பினோம். ஸ்டோக் புரூர்ன் லாக்குகளில் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) ஏறி, பிளிஸ்வொர்த் சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, படகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிவிட்டது என்று நினைத்து, என் கணவர் எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டபடியே வீட் ஹேட்சைத் திறந்து கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அதன் பிறகும் நகரவில்லை. அதற்குள் காற்று எங்களைக் கரைப்பாதை இல்லாத பக்கம் தள்ளி மரக்கிளைகளுக்குள் சொருகிவிட்டது. “எஞ்சின் ஓடுதே, படகு ஏன் ஓடல?” என்று கேட்டுக்கொண்டே இருந்த மகனுக்கு அப்பாவிடம் திட்டுதான் கிடைத்தது. விடுமுறை நாள் என்பதால் இரண்டு ராத்திரி அங்கேயே கிடந்தோம். கடைசியில் இன்னொரு படகுக்காரர் இழுத்துக்கொண்டுபோய் ஒரு மரினாவில் விட்டார். பார்த்த மெக்கானிக், கியர் பாக்ஸ் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்கிறார். சில வாரங்களாகவே, படகு நிற்கும்போது பின்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் இருந்தது. வேகம் கூட்டினால் அடங்கிவிடும். பழைய எஞ்சின் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். மாமியார் இனி அந்தப் படகில் கால் வைக்க மாட்டேன் என்கிறார். கணவர் விற்றுவிடலாம் என்கிறார். தப்பு எங்கள் மேல்தானா? நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கியர் பாக்ஸுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது கியர் பாக்ஸ் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் வீட் ஹேட்சுக்குள் கை விட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நேரோபோட்டைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஏழடிக்கும் கொஞ்சம் குறைவான அகலத்தில், நீண்டு கிடக்கும் இரும்புப் படகு இது. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பல லாக்குகள் ஏழடி அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காக இந்த வடிவம். படகின் பின்பக்கம், புரொப்பெல்லருக்கு நேர் மேலே, இரும்புப் பெட்டி போல ஒரு குழி இருக்கும். அதன் மூடியைத் திருகித் திறந்தால் கீழே கால்வாய்த் தண்ணீர். கையை விட்டால் புரொப்பெல்லர். இதுதான் வீட் ஹேட்ச். சுற்றிக்கொண்ட கயிறு, கம்பி, பை எல்லாவற்றையும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே எடுத்துப் போடலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குழிக்குள் போகிற கைக்கும் ஓர் உலோக விசிறிக்கும் நடுவே எதுவும் கிடையாது.

நியூட்ரலில்தானே இருந்தது என்று அவர் சொல்வார். பெரும்பாலான நேரோபோட்டுகளில் கியரும் ஆக்சிலரேட்டரும் ஒரே கைப்பிடிதான். அதை ஒரு குழந்தையின் முழங்கை இடிக்கும். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால், அலையில் தடுமாறுகிற பெரியவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இதெல்லாம் நடக்காவிட்டாலும், கேபிள் சரியாக அமையாத படகுகளில் நியூட்ரலிலேயே புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நான் படகு மெக்கானிக் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு படகுத் துறையில் முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். படகுச் சொந்தக்காரரின் மகள், நான்கு வயதுக் குழந்தை, மேலே ஏறி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னது அது: எவன் கை உள்ளே போகிறதோ அவன் பையில்தான் சாவி. மனைவி பையில் இல்லை, மேசை மேல் இல்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, பையில் போட்டு, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

மூடியைத் திரும்பப் போடுவதும் அதே அளவு முக்கியம். அது சரியாக உட்காராமல், ரப்பர் ஓரம் மடங்கியிருந்தால், புரொப்பெல்லர் சுற்றத் தொடங்கியதும் தண்ணீர் பீறிட்டு எஞ்சின் அறைக்குள் வரும். படகுகள் இப்படி மூழ்கியிருக்கின்றன. மூடியை இறுக்கிய பிறகு, எஞ்சினைப் போட்டு, மெதுவாகக் கியரில் வைத்து, ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மேல் பலகையை மூடலாம். கையில் கீறல் இருந்தால் கையுறை போடாமல் உள்ளே விடாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தண்ணீரிலும் வரக்கூடும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கடும் உடல்வலியும் வந்தால், கால்வாயில் கை வைத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இங்கே நம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டனின் மேற்குப் பக்கம் வேலை செய்த வருடங்களில் நான் புரொப்பெல்லரிலிருந்து அறுத்தெடுத்தவற்றில் சேலைகளும் உண்டு. பூஜை முடிந்து தண்ணீரில் விட்ட துணி, மாலை கட்டிய நூல். ஐந்தரை மீட்டர் சேலை ஷாஃப்டில் முறுக்கிக்கொண்டால் கயிற்றைவிட மோசம், அரைநாள் வேலை. கரைக்கிற வேண்டுதலை வேறு விதமாக முடித்துக்கொள்ள வழி உண்டு. கால்வாய் ஓடுகிற ஆறு இல்லை. போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். ‘டக்’ என்ற சத்தம் கேட்டு உந்துவிசை போன அந்த நொடியில் உங்கள் படகு நின்றுவிடவில்லை. 50 அடி இரும்பு, பதினைந்து டன் பக்கம் வரும். நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச தூரம் தானாகவே ஓடும். அப்படி ஓடும்வரை சுக்கானுக்கு உயிர் இருக்கும். புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் இல்லாததால் மந்தமாகத் திரும்பும், ஆனால் திரும்பும். உங்களிடம் அரை நிமிடமோ அதற்கும் கொஞ்சம் கூடவோ இருந்தது. அதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கரைப்பாதை இருக்கிற பக்கம் மூக்கைத் திருப்புவது. கூரை மேல் கிடக்கும் நடுக்கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, படகு கரையைத் தொட்டதும் குதிக்காமல் இறங்கி, முளையடித்துக் கட்டுவது. உங்கள் வீட்டுக்காரர் அந்த அரை நிமிடத்தை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் காற்று உங்களை எதிர்க்கரையின் மரங்களுக்குள் கொண்டுபோனது. கியர் பாக்ஸுக்கும் அந்த இரண்டு ராத்திரிக் கஷ்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கரைப்பாதையில் கட்டியிருந்தால் மாமியார் இறங்கி நடந்து பிளிஸ்வொர்த் கிராமத்துக்குப் போயிருக்கலாம். நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு டாக்சியில் வீடு திரும்பியிருக்கலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கயிறுதான் முதலில், ஸ்பேனர் அப்புறம். கட்டிய படகில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் அவசரம் இல்லை. டீ போட்டுக் குடித்துவிட்டுக்கூடப் பார்க்கலாம். கால்வாயில் மணிக்கு நான்கு மைல்தான் வேக வரம்பு, தண்ணீர் கிட்டத்தட்ட நின்ற தண்ணீர், ஓரத்தில் ஆழமும் பெரும்பாலும் இடுப்பளவுதான். நெடுஞ்சாலையில் கார் நின்றுபோவது போல இல்லை இது.

ஆற்றில் மட்டும் கதை வேறு. பிளிஸ்வொர்த்தைத் தாண்டிய கேட்டன் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி, 17 லாக்குகள் இறங்கி நார்தாம்ப்டன் போனால், கால்வாய் நேன் ஆற்றில் சேரும். அங்கே நீரோட்டம் உண்டு, தடுப்பணைகள் உண்டு. எஞ்சின் போனால் அந்த அரை நிமிடம்கூட உங்களுக்கு இருக்காது. ஆற்றுக்குப் போகிறவர்கள் நங்கூரத்தைச் சங்கிலியோடும் கயிற்றோடும் பொருத்தி, கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். முன்பக்க லாக்கரின் அடியில் விறகு மூட்டைக்குக் கீழே கிடக்கும் நங்கூரம் எதற்கும் உதவாது. அடுத்த வருடம் நேன் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

சுரங்கத்துக்குள்ளேயே நின்றிருந்தால் என்ன செய்வது என்று கட்டாயம் யோசித்திருப்பீர்கள். பிளிஸ்வொர்த் சுரங்கம் 2,813 மீட்டர் நீளம், 1805-இல் திறந்தது. உள்ளே கரைப்பாதை கிடையாது. குதிரைகள் படகை இழுத்த காலத்தில், குதிரையை மலை மேல் நடத்திப்போய்விட்டு, ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை அக்கரை சேர்த்தார்கள். இன்றைக்கு நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, முன்விளக்கை எரியவிட்டு, எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, ஒருவர் மட்டும் கழியால் சுவரைத் தள்ளி மெதுவாக நகர்த்தலாம். பிளிஸ்வொர்த்தில் எதிரும் புதிருமாக இரண்டு நேரோபோட் போகும் அகலம் இருப்பதால், எதிரே வருகிறவருக்கு ஹாரன் அடித்துச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருகிற படகு உங்களை இழுத்துப்போகும். யாரும் காலால் சுவரை உதைக்கவோ, கையால் மற்ற படகைத் தள்ளவோ கூடாது. பதினைந்து டன் இரும்பும் செங்கல்லும் நடுவில் மாட்டிய விரலுக்காகக் காத்திருக்காது. இது சுரங்கத்துக்கு மட்டுமில்லை, பாலத்துக்கும் லாக்குக்கும் சேர்த்துத்தான்.

படகைக் கையால் இழுக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். முடியும். நீளக் கயிற்றைக் கட்டி, கரைப்பாதையில் நின்று, உடம்பைச் சாய்த்து ஒரு நிமிடம் பொறுமையாக எடை கொடுங்கள். ஒன்றும் அசையாதது போல இருக்கும். பிறகு நத்தை போலக் கிளம்பும், கிளம்பிவிட்டால் ஓர் ஆள் போதும். மூக்கில் மட்டும் கயிறு கட்டினால் படகு கரையிலேயே வந்து முட்டும். அதனால் கூரையின் நடுக்கயிற்றுக்கும் மூக்குக்கும் இடையில் எங்கே கட்டினால் நேராக வருகிறது என்று பார்த்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். கிளப்புவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். கயிற்றை ஒரு முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கித்தான் நிறுத்த வேண்டும். கையில் சுற்றிக்கொண்டு நிறுத்தப் பார்த்தால் கை போய்விடும்.

இனி உங்கள் மகனின் கேள்வி. “எஞ்சின் ஓடுதே, படகு ஏன் ஓடல?” திட்டு வாங்கிய அந்தப் பிள்ளைதான் அன்றைக்குச் சரியான கேள்வியைக் கேட்டான். நான் ஒரு படகில் ஏறினால் முதலில் எனக்குள் கேட்டுக்கொள்வதும் அதேதான். எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வரிசை இருக்கிறது. எஞ்சினின் பின்னால் கனமான ஃப்ளைவீல், அதில் திருகியிருக்கும் டிரைவ் பிளேட், அதிலிருந்து சக்தியை வாங்கும் கியர் பாக்ஸ், கியர் பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங், ஷாஃப்ட், கடைசியில் புரொப்பெல்லர். இதில் எதுவரை சுற்றுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

படகைக் கட்டிய பிறகு, பின்தளத்துப் பலகையைத் தூக்குங்கள். ஒருவர் கைப்பிடியில், ஒருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் தலைமுடி எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது; ஷாஃப்ட் ஒரு நொடியில் இழுத்துவிடும். குழந்தைகள் கரையில் இருக்கட்டும். எஞ்சினைப் போட்டு, மெதுவாக முன் கியர். ஷாஃப்ட் சுற்றுகிறதா? சுற்றினால் கோளாறு தண்ணீருக்குள். புரொப்பெல்லரில் குப்பை இருந்தால் எஞ்சின் திணறும், கறுப்புப் புகை விடும், சுக்கான் பிடி நடுங்கும். புரொப்பெல்லரே கழன்று விழுந்திருந்தால் எஞ்சின் சுமையே இல்லாமல் துள்ளி ஓடும், பின்னால் தண்ணீர் கலங்காது.

ஷாஃப்ட் சுற்றவில்லையா? கைப்பிடியைத் தள்ளும்போது கியர் பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவர் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் கேபிள் அறுந்துவிட்டது, அல்லது அதன் முனை கழன்றுவிட்டது. மலிவான கோளாறு. லீவர் அசைகிறது, கியர் பாக்ஸின் பின்முனையும் சுற்றுகிறது, ஷாஃப்ட் மட்டும் சுற்றவில்லை என்றால் கப்ளிங் போல்ட்டுகள். பின்முனையும் சுற்றவில்லை என்றால்தான் கியர் பாக்ஸையோ டிரைவ் பிளேட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் கதை இந்தக் கடைசி வகை என்றே நினைக்கிறேன். டிரைவ் பிளேட் என்பது ஒரு வட்டத் தகடு, நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் அல்லது ரப்பர், பிளாஸ்டிக் துண்டுகள். டீசல் எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கொடுக்கும் உதையை வாங்கிக்கொண்டு, கியர் பாக்ஸின் பற்களுக்கு அது போகாமல் காப்பது அதன் வேலை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த உதைகள் தனித்தனியாக விழும், வேகம் கூடினால் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகும். தேய்ந்த டிரைவ் பிளேட், எஞ்சின் மெதுவாக ஓடும்போது கடகடவென்று சத்தம் போட்டு, வேகம் கூட்டினால் அடங்குவது அதனால்தான். நீங்கள் எழுதியிருக்கும் சத்தம் இதுவேதான். வாரக்கணக்கில் அது சொல்லிக்கொண்டிருந்தது, பிளிஸ்வொர்த்தில் விட்டுப்போனது.

இன்னொன்றும் இதற்கு ஒத்துப்போகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை என்கிறீர்கள். நேரோபோட்டுகளில் பரவலாக இருக்கும் கியர் பாக்ஸ்களில் முன்னுக்கு ஒரு கிளச், பின்னுக்கு ஒரு கிளச். தேய்மானத்தால் போகிறபோது பெரும்பாலும் ஒன்றுதான் முதலில் நழுவும், அதுவும் சூடானபின் மெல்ல மெல்ல. ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் இரண்டும் சேர்ந்து போனால் என் சந்தேகம் கியர் பாக்ஸுக்கு முந்தின கண்ணிமேல்தான் விழும். படகைக் கண்ணால் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிய கியர் பாக்ஸ் வாங்கும் முன் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். முதலில் கியர் பாக்ஸின் எண்ணெய்: அளவு சரியாக இருந்து, எண்ணெய் சுத்தமாக, கருகிய நாற்றம் இல்லாமல், உலோகத் துகள் மினுக்காமல் இருந்தால், கியர் பாக்ஸ் உயிரோடிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்து, மெக்கானிக் கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தாரா, அல்லது கழற்றாமலேயே சொன்னாரா? டிரைவ் பிளேட்டைப் பார்க்க கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்தாக வேண்டும். எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், அதனால் கழற்றிய பிறகு புதிதை ஆர்டர் செய்தால் என்ன குறைந்துவிடும்? மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழில்காரர் கோபப்பட மாட்டார். டிரைவ் பிளேட்டின் விலை கியர் பாக்ஸ் விலையில் ஒரு சிறு பங்குதான், கூலிதான் முக்கியச் செலவு.

அது டிரைவ் பிளேட்டாகவே இருந்தால், மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கியர் போடாமல் சும்மா ஓடும்போது எஞ்சின் ரொம்ப மெதுவாக ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் கடகடப்பே குறையும். மாலையில் கட்டியபின் பேட்டரி ஏற எஞ்சினை ஒரு மணிநேரம் கியர் போடாமல் மெதுவாக ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால், அப்படி ஓட்டும்போது இன்னும் கொஞ்சம் வேகத்தில் ஓட்டுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கால்களையும், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

மற்றக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சூடேறினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றும், அதனால் பேட்டரி விளக்கும் சூடும் சேர்ந்து வந்தால் பெல்ட் அறுந்திருக்கும். அளவு சரியான பெல்ட் ஒன்று படகில் எப்போதும் இருக்கட்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே வேண்டாம். எஞ்சின் திக்கித் திக்கி நின்றால் டீசலில் தண்ணீரோ, அந்தத் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களின் கறுப்புக் கசடோ ஃபில்டரை அடைத்திருக்கும். குளிர்காலத்தில் டேங்கைப் பாதி காலியாக விட்டால் உள்ளே ஈரம் படிந்து இப்படி ஆகும், நிரப்பி வைப்பது நல்லது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? பேட்டரி முனைகளை இறுக்கிப் பார்த்தபின், எஞ்சினுக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவில் இருக்கும் பெரிய வயர் பிளக்கைப் பிரித்து மறுபடி மாட்டுங்கள். ஈரத்தில் அதன் முனைகள் பச்சை பூத்துப்போவது சர்வசாதாரணம்.

கார்களுக்கு இருப்பது போலவே கால்வாய்ப் படகுகளுக்கும் கோளாறு உதவிச் சேவை இருக்கிறது. ரிவர் கனால் ரெஸ்க்யூ என்பது பலருக்குத் தெரிந்த பெயர். உங்கள் படகுக் காப்பீட்டோடு ஏதாவது அப்படி வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வருடச் சந்தா கட்டிவிடுங்கள். கோளாறால் ஓரிடத்தில் அதிக நாள் நிற்க நேர்ந்தால் கால்வாயைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற கணக்கில் அவர்கள் இரக்கம் காட்டுவார்கள், சொல்லாமல் இருந்தால்தான் பிரச்சினை. யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது பாலத்தின் எண். கால்வாயில் பெரும்பாலான பாலங்களுக்கு எண் பலகை உண்டு. “பிளிஸ்வொர்த் பக்கம், நிறைய மரம் இருக்கிறது” என்றால் அவர்களால் எங்கே வர முடியும்? பிளிஸ்வொர்த்தின் வடக்கு வாய் பள்ளமான வெட்டுக்குள் இருப்பதால் போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காமல் போகலாம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் மாமியாருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். படகில் பெரியவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு நாம் எல்லோரும் பின்தளத்தில் நின்றுகொள்கிறோம். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு சத்தம் கேட்கும், மகன் கத்துவான், படகு மரத்தில் முட்டும். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். அடுத்த முறை அவர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். தாண்டுகிற ஒவ்வொரு பாலத்தின் எண்ணையும் நேரத்தையும் எழுதிவைக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னைக் கோளாறுக்கு அழைக்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, தேடுவதிலேயே எங்கள் நேரம் போகிறது. அவர் நோட்டைப் பார்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வருவாரா என்று கட்டாயப்படுத்தாமல் கேளுங்கள். முதலில் லாக்கும் சுரங்கமும் இல்லாத பக்கம், மில்டன் கீன்ஸைச் சுற்றியே ஒரு மதியம் போய்வந்தால் போதும்.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். கடகடச் சத்தத்தை விட்டுவிட்டது தப்புதான், ஆனால் யாரும் சொல்லித்தராமல் அந்தச் சத்தத்தின் அர்த்தம் எப்படித் தெரியும்? சாவி விஷயம் அப்படியில்லை, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்து வைத்தாலும் படகை விற்கக் காரணம் ஆகாது. விற்பதென்றாலும் ஓடாத படகாக விற்காதீர்கள், பாதி விலைதான் கேட்பார்கள். டிரைவ் பிளேட்டைப் பார்த்துச் சரிசெய்து, இந்தக் கோடைக்குள் இரண்டு பயணம் போய்வந்தபின் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் விற்கலாம் என்று தோன்றினால் விற்றுவிடுங்கள்.

கியர் பாக்ஸைக் கழற்றும் நாளில் முடிந்தால் மகனையும் மரினாவுக்கு அழைத்துப் போங்கள், பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கட்டும். பழைய டிரைவ் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே மெக்கானிக்கிடம் சொல்லிவையுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு அவன் கையில் கொடுங்கள். ஸ்பிரிங்குகள் உடைந்து, நடுத்துண்டு தனியாகச் சுற்றும். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அவனை விட்டே அப்பாவுக்கு விளக்கச் சொல்லுங்கள். பிளேட் நன்றாகவே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கியர் பாக்ஸைப் பற்றி அப்போது பேசுவோம்.